கழுவிய கை

மருந்தில் ஆறிப்போன நோய் நாச்சிமுத்துவுக்குத் திரும்ப வந்துவிட்டது.

சிறுநீர் போகும் இடத்து நோய். எரிச்சல், சீழ். அதற்குமேல் விவரம் வேண்டாம்.

நேரே குருவிடம் வந்தான். கரட்டுக் குன்றின் அடியில் அவருக்கு ஒரு குடிசை. குரு, சீடனைவிட இளையவர். சுவர் விரிசலைப் பூசச் சேறு குழைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்கு ஊர்க்கூட்டம் வெச்சு என்ற பொண்டாட்டிய அத்துவிடப் போறேனுங்க. ஆசீர்வாதம் பண்ணோணும்."

"சேற்றைப் பிசை."

பிசைந்தான். வாய் மட்டும் நிற்கவில்லை.

"எல்லாம் எங்கூட்டுக்குப் பால் கறக்க வர்றவன்தானுங்க. விடியக்காலையில சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வர்றான். மாடு கறக்கறவனுக்கு எதுக்குங்க இஸ்திரி? மாடா பார்க்குது?"

"நீ பார்க்கிறாயே."

"அவன் சைக்கிள் மணி கேட்டா முந்தானையை இழுத்துச் சொருகிட்டு ஓடறா. நான் போர்வெல் லாரியோட மாசக்கணக்கா வடக்கே கிடந்துட்டு வர்றவன். எனக்குன்னு ஒருநா அப்படி ஓடி வந்திருப்பாளா?"

"நோயைச் சொல்."

"மொதல்ல வடக்கே ஒருத்திகிட்ட... அது என் தப்புங்க. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல காட்டிக் கொடுத்துருச்சு. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆறிருச்சு. அப்புறம் பொண்டாட்டியத் தவிர ஒருத்தியையும் தொடலைங்க."

"சரி."

"ஒருக்கா வந்து போன நோய் திரும்பி வருங்களா? அம்மை போட்டவனுக்கு அம்மை வருதா? ஒடம்பு பழகிக்குமில்லீங்க? அப்ப இது பழசு இல்லை. புதுசு. அவகிட்டயிருந்து வந்தது. அவளுக்கு யாரு கொடுத்தா?"

கேட்டுவிட்டு வக்கீல் மாதிரி நிமிர்ந்தான்.

"டாக்டர் என்ன கொடுத்தார் என்றாய்?"

"மாத்திரைங்க. ரெண்டு பொட்டலம். ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவளுக்கு."

"கொடுத்தாயா?"

"எதுக்குன்னு கேப்பாளே. அவ நல்லாத்தானே இருந்தா? ரெண்டையும் நானே முழுங்கிட்டேன். ரெட்டிப்பாக் கேக்குமில்லீங்க?"

குரு எழுந்தார். செம்பில் தண்ணீர் எடுத்துவந்தார்.

"வலது கையை மட்டும் நீட்டு."

நீட்டினான். ஊற்றித் தானே தேய்த்துவிட்டார். நகக்கண்ணில் இருந்த சேறுகூடப் போனது.

"சுத்தமா?"

"சுத்தமுங்க."

"இப்போது என்னைக் கும்பிடு."

கும்பிட்டான்.

"கையைப் பிரி."

பிரித்தான். வலது உள்ளங்கை முழுக்கச் சேறு.

"ஒருமுறை கழுவின கைதானே. பழகியிருக்குமே."

நாச்சிமுத்து கழுவாத இடது கையைப் பார்த்தான்.

"எந்தப் பால்காரன் வந்து பூசினான்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்தே கேட்டான்.

"அவகிட்ட எப்படிங்க சொல்றது?"

"சேறு காய்கிறது. கிளம்பு."

ஊர்க்கூட்டம் நடக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து நாச்சிமுத்து மறுபடி வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஆறிருச்சுங்க சாமி. ரெண்டு பேருக்கும்."

"சொன்னாயா?"

"வாய் வரலைங்க. வாசல்லயே நின்னேன். அவளுக்கு அடிவயித்துல வலின்னு ஆஸ்பத்திரி போயிட்டு வந்திருக்கா. 'ஏனுங்க, வடக்கேயிருந்து எனக்கும் சேத்துத்தான் கொண்டாந்தீங்களா?'ன்னா."

"நீ?"

"ஆமான்னு தலையை ஆட்டினேனுங்க. 'ஊர்க்கூட்டத்தை நீங்க வைக்கறீங்களா, நான் வைக்கட்டுமா?'ன்னா. அப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. மாத்திரையை என் கையில குடுக்க விடலைங்க. அவளே வாங்கிக்கிட்டா. நான் முழுங்கற வரைக்கும் தாடையைப் புடிச்சிருந்தா. அப்புறம் அவளும் முழுங்குனா. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் எனக்கு மாட்டுக் கொட்டாயிலதான் கட்டில்."

"அழுதாளா?"

"இல்லீங்க. நான்தான்."

குரு ஒரு பழத்தைப் பிய்த்தார்.

"பால்காரன்?"

"இன்னமும் இஸ்திரி போட்டுட்டுத்தான் வர்றானுங்க. பார்த்தா வயிறு எரியுது. அவகிட்டயே சொல்லிட்டேன். 'நீங்களும் ஒண்ணு போட்டுக்கங்க, யாரு வேண்டாம்னா?'ங்கறா."

குரு சிரித்துவிட்டார். பழம் புரையேறியது.

"சாமிதானுங்க காப்பாத்துனீங்க." காலில் விழப்போனான்.

குரு காலை இழுத்துக்கொண்டார்.

"நான் சுவர் பூசினேன்."

"அப்ப டாக்டருங்களா?"

"அவர் போன தடவையும்தான் கொடுத்தார்."

நாச்சிமுத்து நின்றான். கரட்டைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். மனைவியின் பேரை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான்.

"கோகிலவாணிங்க."