கரி துடைத்த கண்ணாடி

"அம்மா, இந்த மேகத்துக்கு என் மேல அப்படி என்ன கோபம்?"

கேட்டவர் சாம்பமூர்த்தி. அறுபத்தெட்டு வயது. பஞ்சாங்கம் கணிப்பது தொழில். ஊருக்கெல்லாம் கிரகண நேரம் குறித்துக் கொடுத்தவர், ஒரு கிரகணத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டு வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தே எல்லாவற்றையும் கழித்துவிட்டார் மனிதர்.

இன்று கங்கண கிரகணம். சூரியன் வளையம்போல் தெரியும். அதுவும் தம் குருவின் குன்றிலிருந்தே பார்க்கலாம், மூன்றே நிமிடம். அடுத்தது இங்கே வர அறுபத்தோரு வருடம் ஆகும் என்று அவரே கணித்திருந்தார். விடுவாரா?

குரு குழல்மொழி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். குன்றின் உச்சியிலிருந்த மண்டபத்துச் சுவரோரம் உட்கார்ந்து, கிரகண வேளை என்றும் பாராமல் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

சாம்பமூர்த்தி இடுப்பிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றியது. கரி கண்ணைக் காப்பாற்றாது என்று அம்மை காலையிலேயே சொல்லியிருந்தார். நன்றாகத் தலையாட்டிவிட்டு மடியில் முடிந்துகொண்டிருந்தார் இவர்.

அதன் வழியே மேகம்கூடத் தெரியவில்லை. கட்டைவிரலால் கரியைக் கொஞ்சம் துடைத்தார். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் துடைத்தார். ஆசை யாரை விட்டது? கடைசியில் கையில் மிஞ்சியது வெறும் ஜன்னல் கண்ணாடி.

அப்போது பார்த்துக் காற்று கிளம்பியது. மேகம் கிழியத் தொடங்கியது. சாம்பமூர்த்தி கண்ணாடியை உயர்த்தினார்.

அம்மை பாய்ந்து வந்து அவர் தோள்களைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டார். சூரியன் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால். எதிரே வெள்ளையடித்த சுவர்.

"விடுங்கம்மா. மூணு நிமிஷம்தான். கண்ணு போனாலும் போகட்டும்."

"கண்ணு போச்சுன்னா எதை வச்சுப் பார்ப்பீங்க?"

"இந்தச் சுவரைப் பார்க்கவா மலையேறி வந்தேன்?"

அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

அம்மை இடக்கை விரல்களின் மேல் வலக்கை விரல்களைக் குறுக்கே வைத்துக் காட்டினார், சல்லடை மாதிரி. வேண்டாவெறுப்பாக அவரும் வைத்தார். தலைக்கு மேலே தூக்கச் சொன்னார். தூக்கினார்.

மேகம் விலகியது.

சுவரில் அவர் கைகளின் நிழல் விழுந்தது. விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வளையம். சின்னச் சின்ன ஒளி வளையங்கள், நடுவே இருட்டு.

சாம்பமூர்த்தி கையை அசைத்தார், வளையங்களும் கூடவே அசைந்தன. சிரித்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க மனமில்லை.

"அம்மா, ஒன்பது சூரியன். ஒன்பதும் கங்கணம்."

"எங்கே?"

கைகளை இறக்காமலே சாம்பமூர்த்தி நிழலை ஒருமுறை உற்றுப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"நான் மறைக்காத இடத்துலம்மா."