மத்திக் கூடையும் மந்திரியின் பதிலும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேளங்கோடு என்று ஒரு நாடு. அதை மாறங்கோ என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். சிம்மாசனத்தில் இருக்கும்போதே கால் ஆடும், விரல் தாளம் போடும், வாய் புதுச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிடும்.

ஒருநாள் அவர் சாப்பிட்ட கத்திரிக்காயில் புழு நெளிந்தது. கையைக் கழுவுவதற்கு முன்பே கத்தினார்: "இனிமேல் கோட்டை வாசலுக்கு வரும் எந்தச் சரக்கையும் அதிகாரி பார்த்து முத்திரை போட்ட பிறகுதான் விற்கவேண்டும்!"

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வாணிப மந்திரி அம்பலவாணர் அதை ஊதிப் பெருக்கினார். சரக்கைப் பார்க்க ஓர் அதிகாரி. அவர் சரியாகப் பார்த்தாரா என்று பார்க்க இன்னோர் அதிகாரி. இருவரும் பார்த்ததை ஒப்புக்கொண்டு முத்திரை குத்த மூன்றாமவர். இந்த மூன்றாமவர் மந்திரியின் மைத்துனர் என்று நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது.

புளிக்கும் மிளகுக்கும் இதனால் ஒன்றும் ஆகவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் அலைவாய்க் குப்பத்து மீனவர்கள். விடியும்போது வாசலுக்கு வந்த மீன் முத்திரை வாங்கி உள்ளே போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். குப்பத்தில் அடுப்பு எரியவில்லை. பாதிக் குடும்பங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போகத் தயாராகிவிட்டன.

அந்த நாட்டில் ஊருக்கு ஒருவர் அரசவையில் உட்கார்ந்து மந்திரிகளைக் கேள்வி கேட்கலாம். குப்பத்துக்காக உட்கார்ந்திருந்தவள் பவளாயி. சபைக்கு ஒரு வழக்கமும் உண்டு. கேள்வி கேட்டவர் "பதில் கிடைத்தது" என்று சொல்லும்வரை ராஜாகூட எழுந்திருக்கக் கூடாது. அம்பலவாணர் அதையே ஆயுதமாக்கிக்கொண்டார். என்ன கேட்டாலும் ராஜாவின் பாட்டனார் புகழில் தொடங்குவார். மத்தியானம் ஆனாலும் விஷயத்துக்கு வரமாட்டார். பசியில் ராஜா முறைக்கிற முறைப்பில் கேட்டவர் நடுங்கிப்போய், "கிடைத்தது, கிடைத்தது" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார். பவளாயியும் அப்படி ஓடியவள்தான். அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை.

அடுத்த சபைக்கு அவள் ஒரு கூடை மத்தி மீனோடு வந்தாள். அப்போதுதான் கரையேறிய மீன், வெள்ளியாக மின்னியது.

"ராசா, மந்திரி ஐயாவோட சட்டத்தால எங்க சரக்கு நாசமாப் போவுது. இந்தச் சட்டத்தால யாருக்கு என்ன நன்மைன்னு அவரு சொல்லட்டும். அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இந்தக் கூடைக்கும் இங்கயே முத்திரை போட்டுரட்டும்."

அம்பலவாணர் சிரித்தார். "நல்லதாயிற்று மகாராஜா! என் அதிகாரிகளின் திறமையைத் தாங்களே பார்க்கலாம். ஆனால் இந்த அம்மாளின் கேள்வி வீண் என்று தெரிந்தால்?"

"குப்பத்துக்கு இனி இந்தச் சபையில் இடமே கிடையாது!" என்றார் ராஜா, வழக்கம்போல யோசிக்காமல்.

பவளாயி ஒருமுறை கூடையைப் பார்த்தாள். இந்த இடமும் போனால் குப்பத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? இருந்தாலும், "சரி ராசா" என்றாள்.

மந்திரி பாட்டனாரிடமிருந்து தொடங்கினார். முதல் அதிகாரி ஒவ்வொரு மீனையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டாமவர் வந்து, முதலாமவர் வால் பக்கம் பார்க்கவில்லை என்று திரும்பவும் பார்க்கச் சொன்னார். வெயில் ஏறியது. ஈக்கள் முதலில் வந்தன, வாடை பின்னால் வந்தது. ராஜாவின் கால் ஆடுகிற வேகத்தில் சிம்மாசனமே கிடுகிடுத்தது.

"பவளாயி, பதில் கிடைத்ததா?"

"இன்னும் இல்ல ராசா. மந்திரி ஐயா இப்பதான் உங்க அப்பா காலத்துக்கு வந்திருக்காரு."

மூன்றாமவரைக் கூப்பிட ஆள் போனது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், ஆடி அசைந்து வந்தார். அதற்குள் சபையில் பாதிப்பேர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ராஜா முறைத்தார், பல்லைக் கடித்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பவளாயி சொல்லவில்லை.

மைத்துனர் மூச்சை அடக்கிக்கொண்டு கூடையில் முத்திரை குத்தினார். முத்திரையில் இருந்த எழுத்து: முதல் தரம்!

"பார்த்தீர்களா மகாராஜா, முத்திரை விழுந்துவிட்டது! இதுவே என் பதில்" என்றார் அம்பலவாணர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப இந்த மீனு நல்ல மீனுங்களா ஐயா?" என்றாள் பவளாயி.

"அரசாங்க முத்திரையைச் சந்தேகப்படுகிறாயா? அருமையான மீன்!"

"அப்படீன்னா இதையே ஐயாவுக்குக் குழம்பு வச்சுக் குடுக்கச் சொல்லுங்க ராசா. ஐயா வாய் நிறையத் தின்னு காட்டட்டும். பதில் கிடைச்சுதுன்னு நான் அப்பவே சொல்லிடறேன்."

அம்பலவாணர் கூடையைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"உம், சொல்லுமய்யா! தின்கிறீரா, பதில் சொல்கிறீரா? எனக்குப் பசி உயிர் போகிறது!" என்று ராஜா கத்தினார்.

"மகாராஜா... மீன் அழுகிவிட்டது. காத்திருந்ததால்தான் அழுகியது."

அவர் பிறந்ததிலிருந்து சொன்ன பதில்களில் அதுதான் மிகச் சிறியது.

"பதில் கிடைச்சது ராசா" என்றாள் பவளாயி. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ராஜா எழுந்து ஓடவில்லை. முதல்முறையாக அவருடைய கால் ஆடாமல் நின்றது. "கெட்ட சரக்கு வரக் கூடாது என்று நான் போட்ட சட்டம், நல்ல சரக்கைக் கெடுத்திருக்கிறது" என்றார். கூசிப்போய்த்தான் சொன்னார். மீனுக்கு முத்திரை கிடையாது, கரையிலேயே பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போதே பறை அறையச் சொன்னார். பவளாயிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கொடுத்தார். அந்தக் கூடையைத் தலையில் சுமந்து கடலில் கொட்டிவிட்டு வருகிற வேலை மந்திரிக்குப் போனது.

இன்னொரு கட்டளையும் பிறந்தது. இனிமேல் எந்த மந்திரி பதில் சொன்னாலும் அவர் காலடியில் ஒரு கூடை பச்சை மீன் இருக்கவேண்டும்.

அடுத்த சபையில் மலையூர்க்காரர் எழுந்து, தேன் வரி ஏன் ஏறியது என்று கேட்டார். அம்பலவாணர் குனிந்து கூடையைப் பார்த்தார்.

"தப்புதான். குறைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.