திரைக்குள் பிடித்த விளக்கு

ஆவுடையப்ப ஆசாரியும் அவரிடம் வேலை கற்ற தாணுவும் ஆற்றங்கரைக் கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்தார்கள். கால்களையும் உடலையும் செதுக்கியவர் தாணுவின் அக்காள் புருஷன். தலைக்கு மரம் அறுப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். தலையைத் தாணு முடித்தான். அக்காள் செண்பகவல்லி புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். மூட்டுகளின் மேல் துணி ஒட்டியதும் அவள்தான்.

கண் திறப்புக்கு நாள் குறித்தார்கள். தச்சர்கள் தங்களை மயன் வழி வந்தவர்கள் என்பார்கள். அன்று மட்டும் ஆசாரிதான் பூசாரி. காமாட்சியைக் கும்பிட்டு, பூணூலைத் தொட்டுக்கொண்டு, திரைக்குள்ளே தங்க ஊசியால் கண் திறப்பார். அதன் பிறகு வாகனம் சாமியுடையது. செய்தவன் தொடக் கூடாது. திரையை விலக்கியதும் அதன் முதல் பார்வைக்குக் கண்ணாடி, கன்றோடு பசு, கன்னிப்பெண், சுமங்கலி என்று வரிசையாக அதன் முன் நிறுத்துவார்கள்.

தாணு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணாச்சி, அக்கா எங்க நிக்கலாம்?"

"அவ என்ன சொல்லுதா?"

"தேரடியில நின்னு கும்பிட்டுக்கிடுதாளாம்."



கண் திறப்பு அன்று காலை மண்டபத்தில் நல்ல வெளிச்சம். ஆசாரி விளக்கு வேண்டும் என்றார். பட்டப்பகலில் விளக்கு கேட்கிற ஆசாரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தர்மகர்த்தா கேலி செய்தார். கூட்டம் சிரித்தது. வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று ஆசாரியும் சேர்ந்து சிரித்தார். பிறகு, விளக்குப் பிடிக்கச் செண்பகவல்லியைக் கூட்டி வரும்படி தாணுவை அனுப்பினார்.

அவள் தலை குனிந்தபடி வந்தாள். தர்மகர்த்தாவின் சிரிப்பு நின்றது.

"இந்தப் பொண்ணா வே?"

"திரைக்குள்ள நடக்கிறது ஆசாரி பொறுப்பு. விலக்கின பிறகு உங்க பொறுப்பு, ஐயா."

அது பழைய வழக்கம். தர்மகர்த்தா ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே செண்பகவல்லி முதலில் குதிரையின் கால்களைத்தான் பார்த்தாள். ஆசாரி அவளை முகத்துக்கு நேரே நிற்கச் சொன்னார். அவள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். ஊசி இரண்டு கண்களையும் தொட்டு விலகியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

திரை விலகியது. கண்ணாடி வந்தது, பசு வந்தது. குலவை கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாணு மெல்லக் கேட்டான்.

"குதிரை முதல்ல கண்ணாடியத்தான பாக்கணும், அண்ணாச்சி?"



"சாமி வீட்டுக்குப் போற பிள்ளைலா தாணு அது. பொறந்த வீட்டு ஆளை ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்."