உச்சிக்கிளைக் காவலும் ஒரு திடீர் மருமகனும்

அத்தி மரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு, வாலகுரு என்ற கிழக் குரங்கு ஒரு கறையான் புற்றைத் திட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்! காலையிலிருந்து அங்கேயே நிக்கிறே! யார் நீ? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

புற்று பதில் சொல்லவில்லை.

"மரியாதை தெரியாத பயல்!" என்று வாலகுரு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அதன் மனைவி பூவாத்தா தலையில் அடித்துக்கொண்டது. "அது புற்றுங்க! போன மழைக்கு முந்தியே அங்கேதான் இருக்கு."

"தெரியும், தெரியும்! உள்ளே ஒளிஞ்சிருக்கிற பாம்பைத்தான் கேட்டேன்!"

விஷயம் இதுதான். வாலகுருவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கஞ்சித் தண்ணிக்குள் முழித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது உலகம். பக்கத்தில் இருப்பது பாதி தெரியும். தூரத்தில் இருப்பது எல்லாம் ஒரே கலங்கல். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதுதானே அந்த ஆற்றங்கரைக்கே காவல்காரர்!

அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. மரத்தின் மேலே குரங்குகள், நிழலில் புள்ளிமான்கள். குரங்குகள் தின்றது போக உதிர்க்கிற தழையும் பழமும் மான்களுக்கு. ஆபத்து வந்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று துணை. உச்சியில் ஒரு குரங்கின் கண், தரையில் ஒரு மானின் மூக்கு. சிறுத்தை வந்தால் குரங்கு கத்தும், மான் வாலைத் தூக்கும். அந்த வாலின் அடிப்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருக்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் எடுப்பார்கள் ஓட்டம்.

காவல்காரருக்குத்தான் முதல் பழம். ஆனால் ஒரு கண்டிப்பும் உண்டு. ஒன்றும் இல்லாததற்குக் கத்தி மூன்று தடவை கூட்டத்தை ஓடவிட்டால் உச்சிக்கிளை போச்சு! கீழ்க்கிளைக்கு இறங்கி, குட்டிகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதை நினைத்தாலே வாலகுரு கிளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். பத்து மழைக்காலமாக அது உச்சியில் இருக்கிறது. மேலே இருந்தால் அது வாலகுரு. கீழே இறங்கிவிட்டால் அது வெறும் கிழம்.

அதனால் ஒரு தந்திரம் செய்தது. மான்களுக்குத் தலைவர் கொம்பையா. அதற்கும் வயசாகிவிட்டது என்றாலும், மூக்கு மட்டும் கெட்டி என்று காடு முழுக்கப் பேர். 'அவன் வாலின் வெள்ளை மட்டும் எனக்கு இன்னும் தெரியுது. அவன் தூக்கினா நான் கத்துறேன். யாருக்குத் தெரியப்போகுது?'

தந்திரம் பிரமாதமாகப் பலித்தது. ஏனென்றால் சிறுத்தை வரவே இல்லை! ஆற்றுக்கு அக்கரையில் முயல் மலிந்து கிடந்ததால் அது அங்கேயே தங்கிவிட்டது. இக்கரையிலோ, "வாலகுரு இருக்கிறவரைக்கும் சிறுத்தை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது!" என்று பேச்சு. வாலகுருவும் அதை நம்பத் தொடங்கிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் கொம்பையாவின் வாலுக்கு அடியில் ஒரு காட்டு ஈ கடித்தது.

வால் எழுந்தது. வாலகுரு கத்தியது. மான்கள் முள்ளுக்குள் பாய்ந்தன. குரங்குகள் மரம் மரமாகத் தாவின. கொம்பையாவும் ஓடியது. அதன் வெள்ளை வால் இறங்காததைப் பார்த்து வாலகுரு இன்னும் பலமாகக் கத்தியது. வாலகுரு கத்துவதை நிறுத்தாததால் கொம்பையா இன்னும் வேகமாக ஓடியது. உச்சிவெயில் சாயும்வரை ஒருவர் வாயிலும் பச்சைத் தண்ணி படவில்லை.

"பெரியப்பா! சிறுத்தை எங்கே?" என்று கேட்டது இருளப்பன். வாட்டசாட்டமான குரங்கு. உச்சிக்கிளை மேல் அதற்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"ஓடிப்போச்சு! என் குரலைக் கேட்டு நிக்கிற சிறுத்தை எங்கேடா இருக்கு?"

"ஒரு கால்தடம்கூட இல்லையே?"

"பயத்துல காலைத் தரையில வைக்காம ஓடியிருக்கும்!"

இருளப்பன் சிரித்தது. "சரி பெரியப்பா. ஒண்ணு!" என்று ஒரு விரலைக் காட்டியது.

நாலு நாள் கழித்து வாலகுருவுக்குத் தொடையில் தசை இழுத்துக் குரக்குப் பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் கிளையில் துள்ளி எழுந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்துக் கொம்பையாவின் வால் மேலே போயிற்று. 'ஐயோ, நிஜமாவே வந்துட்டுது!' என்று வாலகுரு தொண்டை கிழியக் கத்தியது. மறுபடி ஓட்டம், மறுபடி முள், மறுபடி பட்டினி.

"ரெண்டு!" என்றது இருளப்பன்.

வாலகுரு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தது. இன்னும் ஒன்று பாக்கி. நேராகக் கொம்பையாவிடமே கேட்டுவிடலாம் என்று, மறுநாள் பிற்பகலில் மெல்ல இறங்கி, உவர்மண் மேட்டுக்குப் போயிற்று. மரத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே கொம்பையா தனியாக உப்புக்காக மண்ணை நக்கிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், நேத்து வாலைத் தூக்கினியே, அப்படி என்ன வாடை அடிச்சது?"

"வாடையா?" கொம்பையா நிதானமாக இன்னொரு நக்கு நக்கியது. "நீதானேய்யா துள்ளி எழுந்தே? நீ என்னத்தைப் பார்த்தே?"

"உன் வாலைப் பார்த்தேன்."

"நீ எழுந்ததைப் பார்த்துத்தான் நான் வாலையே தூக்கினேன்!"

"எனக்குக் காலில் குரக்குய்யா!"

கொம்பையா மறுபடி மண்ணை நக்கப் போயிற்று.

"அதுக்கு முந்தின தடவை?" என்று வாலகுரு இழுத்தது.

"ஈ" என்றது கொம்பையா.

இதற்கு மேல் கேட்டால் இரண்டு பேர் வண்டவாளமும் வெளியே வந்துவிடும். "இப்போல்லாம் வெயில் கண்ணை ரொம்பக் கூசுது" என்றது வாலகுரு. "காத்தும் முன்ன மாதிரி வீசுறதில்லை" என்றது கொம்பையா. பேச்சு அதோடு முடிந்தது.

அப்போது கொம்பையாவுக்குப் பின்னால் புதர் விலகியது.

வாலகுரு கண்ணை இடுக்கிப் பார்த்தது. மஞ்சளாக ஏதோ ஒன்று. மேலெல்லாம் புள்ளி. நாலு கால்.

"யாரது, உன் மருமகனா? ஆளு நல்ல வளர்த்தி! புள்ளியெல்லாம் பளிச்சுன்னு இருக்கு! வாப்பா, வா, ஏன் பதுங்கிப் பதுங்கி வர்றே?"

வந்தது சிறுத்தை. அக்கரையில் முயல் தீர்ந்துபோய், அன்றைக்குத்தான் ஆற்றைத் தாண்டியிருந்தது. வேட்டைக்குப் போன இடத்தில் அதை இப்படி யாரும் வரவேற்றதில்லை. ஒரு நிமிஷம் திகைத்தது. அப்புறம் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "கும்பிடுறேன் மாமா! உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றது.

"எனக்கு ஏதுய்யா மருமகன்?" என்றது கொம்பையா. திரும்பிப் பார்க்க முடியவில்லை. கொம்பின் பாரத்தில் அதன் கழுத்து ஒரு மாதமாகப் பிடித்துக் கிடந்தது.

"ஏம்பா, குளிக்கவே மாட்டியா? என்ன நாத்தம் இது! செத்த முயலைத் தின்ன மாதிரி..." வாலகுரு சட்டென்று நிறுத்தியது.

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"தெரியலையா? உனக்கா?" வாலகுருவின் குரல் இறங்கியது. "மச்சான், அவனுக்குக் கொம்பு இருக்கா பாரு."

"எதிரே நிக்கிறவன் நீ! நீ பாரேன்!"

"எனக்குத் தெரியலைய்யா!"

"தெரியலைன்னா?"

"கண்ணு தெரியலைடா பாவி!"

"எனக்கு மூக்கு போய் ரெண்டு மழைக்காலம் ஆச்சுடா!"

சிறுத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே பாய்ந்தது. அதனால்தான் ஒரு சாண் தப்பிற்று. அதற்குள் வாலகுரு தாவிக் கொம்பையாவின் முதுகில் விழுந்துவிட்டது. விழுந்த அவசரத்தில் முகம் வால் பக்கம்!

"ஓடு!"

"எந்தப் பக்கம்?"

"அதை நீ பாருய்யா! கண்ணு உனக்குத்தானே இருக்கு!"

கொம்பையா காற்றாய்ப் பறந்தது. ஆனால் பின்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. "எவ்வளவு கிட்டத்துல வர்றான்?"

வாலகுரு மூக்கை விடைத்தது. "முயல் நாத்தம் மூஞ்சியில அடிக்குது! வேகமா! உன் இடது பக்கமா வருது, நீ வலது பக்கம் ஒடி!"

கொம்பையா ஒடித்துத் திரும்பியது. சிறுத்தை ஒரு இலந்தைப் புதருக்குள் போய் விழுந்தது.

"இப்போ?"

"குறையுது... குறையுது... ஐயோ, மறுபடி கூடுது! போ, போ!"

அத்தி மரம் நெருங்கியதும் வாலகுரு தன் பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தியது. மேலேயிருந்து இருளப்பன் குதூகலமாக, "மூணு! மூணாச்சு! பெரியப்பா, இனிமே இறங்குங்க!" என்றது.

"ஏற்கெனவே இறங்கித்தாண்டா இருக்கேன்! பின்னாடி பாரு!"

இருளப்பன் பார்த்தது. அதற்கப்புறம் அதன் வாயிலிருந்து வந்தது வெறும் காற்று. ஆனாலும் கூட்டம் முழுவதும் பார்த்துவிட்டது. மான்கள் ஆற்று மணலுக்குப் பாய்ந்தன. குட்டிகளை வாரிக்கொண்டு குரங்குகள் உச்சிக்குப் போயின. காலி நிழலில் மூச்சிரைக்க நின்ற சிறுத்தை, மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் பார்த்துவிட்டு, வந்த வழியே நடையைக் கட்டியது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வாலகுருவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அடேயப்பா, மான் மேல ஏறி வந்துல்ல சொன்னார்!" "இனிமே உச்சிக்கிளை எப்பவும் அவருக்குத்தான்!" இருளப்பன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டது: "பெரியப்பா, அவ்வளவு தூரத்துல இருந்து எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

வாலகுரு நெஞ்சை நிமிர்த்தியது. "அது வந்து..." என்று ஆரம்பித்தது. நல்ல பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் உச்சிக்கிளை சாகும்வரை அதற்கே.

யார் சாகும்வரை? நாளைக்கு இன்னொரு மருமகன் வந்தால்?

கும்பலுக்குள் பூவாத்தா இடுப்பில் ஒரு பேரக்குட்டியோடு நின்றது தெரிந்தது. பூவாத்தாதான் என்று வாலகுரு நினைத்துக்கொண்டது. முகம் தெரியவில்லை.

"நான் கண்டுபிடிக்கலை" என்றது வாலகுரு. "அதைக் கொம்பையாவோட மருமகன்னு நினைச்சு வாப்பான்னு கூப்பிட்டேன். எனக்குக் கண்ணு தெரியலை. ரொம்ப நாளா."

அப்புறம் ஒரு குட்டி கிக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், கிளைக்குக் கிளை சிரிப்பு பற்றிக்கொண்டது. வாலகுருவும் சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எனக்கும் மூக்கு போச்சு" என்றது கொம்பையா, கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்பி.

சிரிப்பு நின்றது. "அப்போ இத்தனை நாளா காவல் காத்தது யாரு?" என்று ஒரு பெண்மான் கேட்டது.

"யாருமில்லை!" என்றன இரண்டும் ஒரே குரலில்.

பொய்க்கத்தல் இரண்டுதான் என்றாலும், கண் தெரியாமல் உச்சியில் உட்கார முடியாதே. உச்சிக்கிளை இருளப்பனுக்குப் போயிற்று. மான் கூட்டத்திலும் ஒரு வழக்கம் உண்டு: மூக்கு போன தலைவர் கூட்டத்தின் கடைசியில்தான் நடக்கணும். கடைசியில் நடக்கிற மானைத்தான் சிறுத்தை முதலில் பிடிக்கும். கொம்பையா வரிசையின் வாலுக்குப் போய் நின்றது.

வாலகுரு கீழ்க்கிளையில் ஒரு நாள் உட்கார்ந்து பேன் பார்த்தது. பேனும் தெரியவில்லை. மறுநாள் இறங்கி நேராகக் கொம்பையாவிடம் போயிற்று.

"மச்சான், முதுகைக் காட்டு!"

அன்றிலிருந்து மான்கள் தண்ணிக்குப் போகும்போதெல்லாம் வரிசையின் கடைசியில் கொம்பையா முன்னால் பார்த்து நடக்கும். அதன் மேல் வாலகுரு பின்னால் பார்த்து உட்கார்ந்து, மூக்கால் காட்டைத் துழாவிக்கொண்டே வரும். அந்த மழைக்காலத்தில் சிறுத்தை நாலு தடவை பின்னாலேயே வந்தது. நாலு தடவையும் புதர் அசைவதற்கு முன்பே வாலகுரு கத்திவிட்டது. அப்புறம் பார்த்தால், குட்டி ஈன்ற மான்கள் எல்லாம் கடைசியில் நடக்கத்தான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

ஆனாலும் வாலகுருவுக்கு உச்சியிலிருந்து பார்த்த ஆற்று வளைவு மறக்கவில்லை.

"கொம்பையா, ஆறு இப்போ எப்படி இருக்கு?"

"தண்ணி இருக்கு."

"அவ்வளவுதானா? இதைச் சொல்ல உனக்கு எதுக்குய்யா ரெண்டு கண்ணு?"

"சரி, வெயில் பட்டு மின்னுது. போதுமா? காட்டுமல்லி பூத்திருக்கா, அதைச் சொல்லு முதல்ல."

வாலகுரு மூச்சை இழுத்தது. "பூத்திருக்கு. ஆனா எங்கே இருக்குன்னு நீதான் தேடணும்."

முதுமையில் உடம்பு இழந்ததை ஒளித்து வைப்பவர் மிச்சம் இருப்பதையும் வீணாக்குகிறார், வெட்கப்படாமல் வெளியே சொல்லிவிடுபவருக்கோ அந்த மிச்சமே கைகொடுக்கிறது.