ஷெரினுக்கு வரும் கூட்டம்

"ஷெரினுக்கு இந்தக் கூட்டம் தகுமா மாஸ்டர்?"

இன்பராஜ் வாராவாரம் இதையேதான் கேட்கிறான். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. தியோடர் மாஸ்டர் பெரம்பூர் வீட்டின் பின்வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மாஸ்டர் ஜாஸ் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். இன்பராஜ் அவருடைய பழைய சீடன். கற்றுக்கொண்டே தலை நரைத்துவிட்டது. ஒரே பாட்டை ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு மாதிரி வளைத்துப் பாடுவான். அதில் அவனை அடிக்க ஆள் இல்லை. நான் கிடார். அவனுக்கும் வாசிப்பேன், ஷெரினுக்கும் வாசிப்பேன்.

ஷெரின் சனிக்கிழமைகளில் ஒரு பெரிய ஹோட்டலில் பாடுகிறாள். காதுக்கு நோகாத ஜாஸ். மெத்தென்று ஆரம்பிக்கும், மெத்தென்று முடியும். உள்ளதைச் சொன்னால், வாசிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் அங்கே உட்கார மேஜை கிடைக்காது. இன்பராஜும் போன மாதம் ஒரு அரங்கம் எடுத்துப் பாடினான். வந்தவர்களில் பாதிப் பேர் அவன் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் மைக் செட் ஆட்கள்.

"ஒரு சங்கதி உண்டா, ஒரு துணிச்சல் உண்டா? லிஃப்ட்டுல போடுற பாட்டு மாஸ்டர் அது! அதுக்கு இவ்வளவு கைதட்டல். பேசாம பாடுறதையே விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

"விட்டுடு."

இன்பராஜ் முகம் தொங்கிப்போனது. 'நீயாவது விடுவதாவது' என்று மாஸ்டர் சொல்வார் என எதிர்பார்த்திருப்பான், பாவம்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு," என்றார் மாஸ்டர். "அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். இந்தச் சனிக்கிழமைக்கு ஆள் கேட்டாங்க. உன் பேரைச் சொல்லியிருக்கேன். பிடிச்சுப் போச்சுன்னா மாசத்துல பாதி சனிக்கிழமை உனக்குத்தான்."

சனிக்கிழமை இன்பராஜ் பாடினான் பாருங்கள், அப்படி ஒரு பாட்டு! வாசிக்க மறந்து நான் ஓரிரு இடத்தில் கையை நிறுத்திவிட்டேன். சாப்பிடுகிறவர்கள்தான் கரண்டியும் கையுமாக முழித்தார்கள்.

இடைவேளையில் ஒரு பெரியவர் மேடைக்கு வந்தார். ஒரு பழைய பாட்டின் பெயரைச் சொன்னார்.

"எங்க கல்யாணத்துல பாண்டு வாசிச்ச பாட்டு சார். என் வீட்டம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததுல பேச்சு போயிடுச்சு. இந்தப் பாட்டு மட்டும் எப்படியோ வாய்ல வருது. ஷெரின் மேடம் பாடுறப்போ கூடவே பாடுவாங்க. அதுக்காகத்தான் கூட்டிட்டு வர்றேன்."

"பாடிட்டாப் போச்சு," என்றான் இன்பராஜ்.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து முதல் வரியை எடுத்தார். அதற்குள் இவன் மேலே ஏறிவிட்டான். அடுத்த வரிக்குக் காத்திருந்து மறுபடியும் வாயைத் திறந்தார். இவன் வேறு எங்கோ வளைந்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. கண்ணைத் திறடா என்று கத்த முடியுமா? பாட்டு முடியும் முன்பே பெரியவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹோட்டல் மேனேஜர் கைகொடுத்தார். "பிரமாதம் சார். அடுத்த வாரம் ஷெரின் மேடம் வந்துடுவாங்க."

மறுநாள் நடந்ததையெல்லாம் மாஸ்டரிடம் நானே சொன்னேன். பக்கத்தில் நின்ற இன்பராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரசனை கெட்ட ஜனங்க! அந்தப் பாட்டுல நான் போன இடமெல்லாம் அந்த ஷெரின் கனவுல கூடப் போக மாட்டா!"

மாஸ்டர் பியானோவில் உட்கார்ந்தார். "அதை நேராப் பாடு. எழுதினது எழுதினபடி."

"அதைச் சின்னக் குழந்தை கூடப் பாடும்."

"பாடு."

பாடினான். இரண்டாவது வரியிலேயே குரல் தானாக நழுவி மேலே போனது. நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். மறுபடியும் அதே இடத்தில் நழுவியது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றான். எத்தனை முயன்றும் நேர் மெட்டு வரவில்லை. மறந்தே போயிருந்தது.

"சரி மாஸ்டர்," என்றான் எரிச்சலோடு. "ஷெரினுக்கு அந்தக் கூட்டம் தகும். ஒத்துக்கிறேன். போதுமா?"

"யாருய்யா உன்னை ஒத்துக்கச் சொன்னது!" மாஸ்டர் பியானோ மூடியைப் படாரென்று சாத்தினார். "அவ பாட்டு வந்தா ரேடியோவையே அணைச்சிடுறவன் நான். அந்த அம்மா ரெண்டு தரம் வாயைத் திறந்தாங்களே, அப்போ நீ எங்கய்யா போயிருந்தே?"