வஸ்தியாம்பிள்ளை சேர்த்த வரி

இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு பழைய துறைமுகப் பட்டணம். அங்குள்ள தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் மை மங்கிக்கொண்டே வந்தது. முற்றாக மறைவதற்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட ஊரார் சிலர் கூடினார்கள். அந்தப் பழைய கையெழுத்தை வாசிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கிளாறிஸ். சிறுமியாக இருந்தபோதே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

அவரிடம் படித்தவர்களில் வஸ்தியாம்பிள்ளைதான் மூத்தவர். டீச்சருக்கு அப்பா வயது. முல்லைத்தீவுப் பக்கம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக ஓடியபோது மகளின் கை அவருடைய பிடியிலிருந்து நழுவிப் போனது. அதன்பிறகு அவளைக் கண்டவர்கள் இல்லை. மனைவி அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். தம்பிதான் அவரை இங்கே கூப்பிட்டு வைத்திருந்தான்.

அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டுவார். மாலுமியின் பிள்ளை. தச்சனின் பிள்ளை. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், இதுகளை ஆர் வாசிக்கப் போயினம்?"

"தெரியாது ஐயா."

"பிறகேன் எழுதிறம்?"

"நீங்கள் இப்ப ஒருக்கா வாசிச்சீங்கள்தானே."

அந்தப் பதில் அவரை விட்டு அகலவில்லை.

அடுத்த கிழமை, அவர் எழுதியதைக் கிளாறிஸ் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். கயிறு திரிப்பவன் ஒருவனின் மகன் தாமஸ். அதற்கு அடுத்த வரியில் நின்றார்.

"மரிய டெல்சியா. வஸ்தியாம்பிள்ளைக்கும் ஜெஸ்மினுக்கும் மகள்."

வஸ்தியாம்பிள்ளை தலை நிமிரவில்லை.

"இது தாளில இல்லையே, ஐயா."

"இல்லை."

"உங்கட மகளோ?"

"ஓம். எங்கட கோயில் எரிஞ்சது. ஞானஸ்நானப் புத்தகமும் எரிஞ்சது. வீட்டில இருந்த படங்களும் போயிட்டுது. அவள் பிறந்தவள் எண்டதுக்கு என்ர வாயைத் தவிர ஒரு சாட்சி இல்லை. நானும் போனால்?"

கிளாறிஸ் அந்த வரியை மறுபடி வாசித்தார்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி கயிறு திரிச்சவன்ர பிள்ளைக்கு ஒரு வரி இருக்கு. என்ர பிள்ளைக்கு இல்லை. ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடுவில கிடக்கட்டும். ஆரும் ஒருக்கா வாசிப்பினம். விடுங்கோ டீச்சர்."

கிளாறிஸ் அதை அழிக்கவில்லை. கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்.

"மகள் செத்திட்டாவோ, ஐயா?"

வஸ்தியாம்பிள்ளை விசுக்கென்று எழும்பினார்.

"ஆர் சொன்னது? ஆரும் கண்டவையோ? தம்பியும் இதைத்தான் சொல்லுறான். செத்தவைக்குக் குடுக்கிற பூசை ஒண்டு குடுப்பம் எண்டான். அவன்ர வீட்டில சாப்பிடாமல் கிடந்தனான். என்ர பிள்ளை எங்கையோ இருக்கிறாள்."

கிளாறிஸ் திரையைக் காட்டினார்.

"இந்தப் புத்தகத்தில உயிரோட ஒருத்தரும் இல்லை."

அவர் நின்றபடியே பார்த்தார். மேலே தாமஸ். கீழே ஒரு மாலுமியின் மகள் ஆன். நடுவில் டெல்சியா.

பிறகு கதிரையில் உட்கார்ந்தார். அழிக்கும் விசையைத் தேடினார். டீச்சர் உதவிக்குக் கை நீட்டினார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு, தானே அந்த வரியை அழித்தார்.

தாமஸுக்குக் கீழே ஆன் வந்து ஒட்டிக்கொண்டாள். நடுவில் யாரும் இருந்த அடையாளமே இல்லை.

வஸ்தியாம்பிள்ளை அடுத்த தாளை விரித்து, எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினார்.