தூங்காத முதல்வர்

மருத்துவக் கல்லூரியில் சேர நேர்முகத் தேர்வு நடந்த காலம் அது. முட்டத்து மீனவர் மகள் சகாயசெல்வி, கோடை முழுவதும் கடற்கரையில் உட்கார்ந்து, கேள்வியும் பதிலுமாகத் தனக்குத் தானே பேசிப் பழகினாள். பழகப் பழக அவள் குரலில் அலையின் தாலாட்டு ஏறிவிட்டது.

கல்லூரி முதல்வர் நீலகண்டர் தலைக்கனம் பிடித்தவர். தேர்வு அறைக்குள் வந்த அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வலை இழுக்கிற வீட்டுப் பொண்ணுக்கு டாக்டர் ஆசையா? சரி, என்னைத் தூங்க வை பார்ப்போம். மருந்து கூடாது, தொடக் கூடாது. தூங்கிட்டா சீட் உனக்குத்தான். ராத்திரி ராத்திரியா கண் மூடாம ஆபரேஷன் செஞ்சவன் நான்!”

பக்கத்திலிருந்த இரு பேராசிரியர்களும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

செல்வி கடலை நினைத்துக்கொண்டு மெல்லப் பேசினாள்.

“அந்தி நேரம் சார். அப்பாவோட வள்ளம் ஆடி ஆடி வருது. தண்ணியெல்லாம் வெள்ளி. மேகம் மெத்தை மாதிரி இறங்குது…”

மின்விசிறியும் மெதுவாகச் சுற்றுவதுபோல் இருந்தது. முதல்வரின் தலை சாய்ந்தது, குறட்டை எழுந்தது.

அதே குரலில் அவள் சொன்னாள்: “எனக்கு சீட் தரச் சம்மதமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்க சார்.”

பதில் இல்லை.

வெளியே மணி அடித்தது. முதல்வர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“நான் எங்கே தூங்கினேன்? கண்ணை மூடிக்கிட்டு நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாம கேட்டேன்!”

“ரொம்ப சந்தோஷம் சார். சம்மதமில்லேன்னா சொல்லுங்கன்னு கேட்டேன். நீங்க பேசாம இருந்தீங்க. மௌனம் சம்மதம்தானே?”

பேராசிரியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல்வர் அவளுடைய சேர்க்கைத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.